ஒரு காதின் திறப்பு விழா

செல்லமுத்துவின் இடது காது, எல்லா வேலையும் முடிந்து, திறப்பு விழாவுக்குத் தயாராக இருந்தது.

பெரம்பலூரில் இருக்கும் அந்த இடத்தின் முழுப் பெயர் மண்டலச் செவித்திறன் மேம்பாட்டு மையம். அங்கேதான் அவன் காதுக்குப் பின்னால் எலும்பைக் குடைந்து, நத்தைக் கூடு போலச் சுருண்டிருக்கும் உள்காதுக்குள் மெல்லிய கம்பியைச் செலுத்தித் தைத்தார்கள். காக்ளியர் இம்ப்ளான்ட் என்று பெயர். தையல் பிரித்தாயிற்று. புண் ஆறியாயிற்று. வெளியே மாட்டுகிற கருவியை மாட்டி, கம்ப்யூட்டரில் ஒரு பட்டனைத் தட்ட வேண்டியதுதான் பாக்கி. அரை மணி நேர வேலை.

அந்த அரை மணி நேரம் ஆனியில் ஆரம்பித்துப் புரட்டாசி வரை நீண்டது.

செல்லமுத்துவுக்கு ஊர் விக்கிரமங்கலம். அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் ஏற்றுகிற டிப்பர் லாரிக்கு டிரைவர். போன வருஷம் ஒரு காய்ச்சல் வந்தது. காய்ச்சல் போனபோது இடது காதையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. வலது காது கல் மாதிரி நன்றாக இருந்தது. அதனால் அவன் பெரிதாக அலட்டிக்கொள்ளவில்லை. ஒற்றைக் கண்ணால் பார்க்கிறவர்கள் இல்லையா என்று நினைத்துக்கொண்டான்.

ஒற்றைக் காதில் உள்ள சிக்கல் அவனுக்குச் சுரங்கத்தில்தான் தெரிந்தது. சத்தம் கேட்கும். எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. உலகத்தில் யார் எங்கே நின்று கத்தினாலும் வலது பக்கம் நின்று கத்துவது போலவே இருக்கும். லாரியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டிருந்தபோது, இடது பக்கம் நின்ற கிளீனர் பாவாடை "நிறுத்து, நிறுத்து!" என்று அலறினார். செல்லமுத்துவுக்கு அது வலது பக்கம் கேட்டது. வலது பக்கம் ஆள் இருக்கிறதென்று வண்டியை இடது பக்கம் ஒடித்தான்.

பாவாடை துள்ளிக் குதித்துத் தப்பினார். கால் பெருவிரல் நகம் மட்டும் டயரோடு போனது. கட்டுப் போட்டதும் நேராக ஊருக்குப் போய் நாலு ஆடு வாங்கிவிட்டார்.

"டிரைவருக்குக் காது வரட்டும், வரேன்" என்று சொல்லி அனுப்பினார். "அதுவரைக்கும் எனக்கு ஆடுங்க போதும். அதுங்க ரிவர்ஸ் எடுக்காது."

லாரி ஓனர் அழகேசன் கெட்ட மனிதர் இல்லை. ரஞ்சித்குமார் என்ற இளவட்டத்தைத் தற்காலிகமாக ஸ்டியரிங்கில் உட்கார வைத்துவிட்டு, செல்லமுத்துவை ஷெட்டில் கிரீஸ் அடிக்கச் சொன்னார்.

"ஆயுத பூஜை வரைக்கும் ஒன் சீட்டு ஒனக்குத்தான்யா. அன்னைக்கு எலுமிச்சம்பழத்து மேல வண்டிய ஏத்தறவன் யாரோ அவன்தான் வருஷம் பூரா டிரைவர். அதுக்குள்ள காதைச் சரி பண்ணிக்க."

நிறைய நாள் இருந்தது. அப்படித்தான் செல்லமுத்து நினைத்தான்.

புண் ஆறியதும் மையத்துக்குப் போனான். காதுக் கருவியைப் பொருத்திப் பழக்கிவிடும் பெண் சிந்து, கம்ப்யூட்டரைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். கருவியைப் பெட்டியிலிருந்து எடுத்த நேரத்தில் கதவு திறந்தது. மையத்தின் இயக்குநர் அறிவுச்செல்வன் உள்ளே வந்தார்.

"அதுல கைய வைக்காதம்மா!"

சிந்து கையை எடுத்துக்கொண்டாள். செல்லமுத்து, தன் காதில் ஏதோ பழுது என்று பயந்துபோனான்.

"பழுதெல்லாம் ஒண்ணுமில்லப்பா. சந்தோஷமான செய்தி" என்றார் இயக்குநர். "ரெண்டு காதும் கேக்காதவங்களுக்கு நெறைய பண்ணியிருக்கோம். ஒத்தைக் காது போனவனுக்கு, இந்த மண்டலத்துலயே மொதக் காது ஒன்னுதுதான். இதைச் செவிநல வாரியத் தலைவர் தமிழழகன் ஐயாதான் தெறந்து வெக்கணும். அவர் கையாலதான் பட்டனை அழுத்தணும்."

"சார், இப்பப் போட்டுவிட்டுடலாம். அப்பறமா வெழா வெச்சுக்கலாமே" என்றாள் சிந்து.

இயக்குநர் அவளைக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"கேக்குதா இல்லையாங்கறது மருத்துவம்மா. தெறந்தாச்சா இல்லையாங்கறது நிர்வாகம். தெறக்காத காதுல எதையாவது கேட்டுட்டான்னா, யாரு பதில் சொல்றது?"

கருவி மறுபடி பெட்டிக்குள் போனது. பெட்டி, இயக்குநர் அறையிலிருந்த பீரோவுக்குள் போனது. பீரோவுக்கு அரக்குச் சீல் வைத்தார்கள். போகும்போது செல்லமுத்துவுக்கு ஒரு தொப்பி கொடுத்தார்கள். இடது காதை மூடுகிற இடத்தில் வாரியத் தலைவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

வாசல் வரை சிந்து கூடவே வந்தாள். அவன் வலது பக்கமாகச் சுற்றி வந்து நின்று, தாழ்ந்த குரலில் சொன்னாள்.

"அண்ணா, தள்ளிப் போட்டுக்கிட்டே போக வுட்டுறாதீங்க. மாட்டுனவொடனே எல்லாம் நல்லாக் கேட்டுடாது. பழகணும். அந்தப் பக்கம்னு ஒண்ணு இருந்ததையே மூளை மறந்துக்கிட்டு வரும்."

"எப்பம்மா தேதி குடுப்பாங்க?"

"ஐயா தேதி குடுத்ததும் சொல்றேன்னாரு."

ஐயா தேதி கொடுத்தார். அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் தலைவர் எதையும் திறப்பதில்லை. குன்னத்தில் ஒரு நிழற்குடையும், பூலாம்பாடியில் ஒரு தண்ணீர்த் தொட்டியும், செல்லமுத்துவின் காதும் ஆவணிக்குத் தள்ளிப்போயின.

சும்மா இருந்த ஆடியை வாரியம் வீணாக்கவில்லை. அதன் பொறியாளர் ஒருவர் டேப்போடு விக்கிரமங்கலத்துக்கு வந்து, செல்லமுத்துவை முற்றத்தில் நாற்காலி போட்டு உட்காரச் சொல்லி, காதை மேலிருந்து கீழாக அளந்தார்.

"எதுக்குங்க?" என்று கேட்டாள் செல்லமுத்துவின் மனைவி கமலவேணி.

"கல்வெட்டும்மா. வாரியம் தெறக்கற எதுக்கும் கல்வெட்டு வைக்கணும். ரூல்ஸ்." பொறியாளர் காது மடலை இரண்டு விரலால் பிடித்து முன்னும் பின்னும் மடக்கிப் பார்த்தார். "தலைவர் பேரு, முன்னிலை, வரவேற்புரை, நன்றியுரை... இவ்ளோவும் இதுல தாங்காது. ஆளு காது சின்னதா இருக்கே."

"பெருசா வளத்துக் குடுக்கட்டுங்களா?"

அவர் அதை யோசனையாகவே எடுத்துக்கொண்டு, வேண்டாம் என்று தலையசைத்தார். கடைசியில் கல்வெட்டை வீட்டு முன்சுவரில் பதித்துவிட்டுப் போனார்கள். 'இவ்வீட்டில் வசிக்கும் பயனாளியின் இடது காது' என்று ஆரம்பித்துப் பதினாறு வரி ஓடியது. தேதி இருக்க வேண்டிய இடம் மட்டும் மொழுக்கென்று காலியாக இருந்தது. தெருவில் போகிறவர்கள் நின்று படித்துவிட்டு, உள்ளே எட்டிப் பார்த்து, காதைக் காட்டச் சொல்லிப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

செல்லமுத்து காட்டினான். அவனுக்கு எதுவும் தோன்றவில்லை. தினமும் ஷெட்டுக்குப் போய் கிரீஸ் அடித்தான். வந்தான். வலது பக்கம் கேட்டது. இடது பக்கம் ஒன்றும் இல்லை. இருட்டாகக்கூட இல்லை, வெறுமனே இல்லை. முதலில் அது குறையாகத் தெரிந்தது. இப்போது அதுவும் தெரியவில்லை. சாப்பிடும்போது இடது பக்கம் நின்று கமலவேணி குழம்பு வேண்டுமா என்று கேட்டாள். அவன் வலது பக்கச் சுவரைப் பார்த்து வேண்டாம் என்றான். அவள் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

ஆவணியில் இன்னொரு சிக்கல் முளைத்தது. காது ஆஸ்பத்திரி பெரம்பலூரில். காதுக்காரன் அரியலூர் மாவட்டம். முன்பு ஒன்றாக இருந்து, பிரித்து, சேர்த்து, மறுபடி பிரித்த மாவட்டங்கள். அறுவை சிகிச்சை நடந்த ஊரில்தான் விழா என்றது வாரியத்தின் பெரம்பலூர்ப் பிரிவு. தலை எந்த ஊரில் தூங்குகிறதோ அந்த ஊருக்குத்தான் காது சொந்தம் என்றது அரியலூர்ப் பிரிவு. கூட்டம் போட்டார்கள். செல்லமுத்துவையும் கூப்பிட்டு நடுவில் உட்கார வைத்தார்கள். இரண்டு பக்கமும் காரசாரமாகப் பேசினார்கள். அவனுக்கு எல்லாமே பெரம்பலூர்ப் பக்கமிருந்து கேட்டது.

கடைசியில் சமரசம் ஆனது. பெரம்பலூரில் விழா. வாரியத் தலைவர் பொத்தானை அழுத்துவார். அரியலூரைச் சேர்ந்த துணைத் தலைவர் பொன்னம்மாள் ரிப்பன் வெட்டுவார்.

"காதுக்கு எதுக்குங்க ரிப்பனு?" என்றான் செல்லமுத்து. கூட்டத்தில் அவன் பேசிய ஒரே வாக்கியம் அது. பதிவேட்டில், 'பயனாளி நன்றி தெரிவித்தார்' என்று எழுதிக்கொண்டார்கள்.

தேதி குறித்தார்கள். பந்தலுக்குச் சொன்னார்கள். மறுநாள் உள்ளாட்சி இடைத்தேர்தல் அறிவிப்பு வந்தது. நடத்தை விதிகள் அமல். புதிதாக எதையும் திறக்கக் கூடாது. மையத்திலிருந்து ஓர் ஊழியர் பசை வாளியோடு வந்து, செல்லமுத்துவின் தொப்பியிலிருந்த தலைவர் முகத்தின் மேல் பழைய பேப்பரை ஒட்டிவிட்டுப் போனார்.

"அரசாங்கத்துல எல்லாத்துக்கும் தேர்தல் வரும். இப்ப ஒங்க காதுக்குமா வரணும்?" என்றாள் கமலவேணி. "நீங்க பாட்டுக்குப் போயி அந்த ஆபீஸ்ல நாலு வார்த்தை நறுக்குனு கேட்டா என்னங்க?"

"கேக்கலாம்."

"கேளுங்களேன்!"

"அவுங்க சொல்றது நமக்கு நல்லாத்தான் கேக்குது. நாம சொல்றதுதான்..." அதற்கு மேல் சொல்ல அலுப்பாக இருந்தது. நிறுத்திக்கொண்டான்.

விஷயம் எதிரணிக்குப் போயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர்களுடைய ஒன்றியச் செயலாளர் இரண்டு கார் நிறைய ஆளோடு வந்து இறங்கினார். தேங்காய், சூடம், மாலை எல்லாம் கொண்டுவந்திருந்தார்கள்.

"எல்லா வேலையும் முடிஞ்ச பாலத்தைப் பூட்டி வெச்சா என்ன பண்ணுவோம்? மக்களே தெறந்துக்குவோம்!" என்று தெருவைப் பார்த்து முழங்கினார். "மக்கள் வரிப்பணத்துல கட்டுன காது! இதை மக்களே தெறப்போம்!"

தேங்காய் உடைந்தது. செல்லமுத்துவின் கழுத்தில் மாலை விழுந்தது. செயலாளர் தொப்பியைத் தூக்கிவிட்டு, இடது காதுக்குள் வாயை வைத்து, "இப்பக் கேக்குதாப்பா?" என்றார்.

செல்லமுத்து சும்மா இருந்தான். அவர் வலது பக்கம் வந்து அதையே கேட்டார்.

"இல்லீங்க. அதை மாட்டுனாத்தான்..."

"கேட்டீங்களா! கேக்கலையாம்! காதுல ஊழல்!"

கைதட்டினார்கள். போட்டோ எடுத்தார்கள். கமலவேணி துடைப்பத்தோடு வெளியே வந்தபோது, இரண்டு காரும் தெருமுனையில் இருந்தன.

மறுநாள் இயக்குநர் செல்லமுத்துவுக்குப் போன் செய்தார். "ஒன் காதை அனுமதியில்லாம யாரோ தெறந்ததாத் தகவல். உண்மையா?" உண்மையில்லை என்றும், இன்னும் ஒன்றுமே கேட்கவில்லை என்றும் செல்லமுத்து உறுதி கூறினான். "ரொம்ப நல்லது. அப்படியே இரு" என்றார் இயக்குநர்.

தேர்தல் முடிந்தது. புரட்டாசி வந்தது. ஆயுத பூஜைக்கு முதல் நாள் விழா என்று முடிவானது. சேதி கேட்டு அழகேசனுக்குச் சந்தோஷம். "நாளைக்குக் காது, நாளான்னைக்கு வண்டி. கரெக்டா வந்துட்டல்ல!" என்று தோளில் தட்டினார்.

மையத்தின் முன்னால் பந்தல். சீரியல் பல்பு. குத்துவிளக்கு. நடுவில் ஒரு நாற்காலி. அதில் செல்லமுத்து உட்கார்ந்திருந்தான். சீலை உடைத்துக் கருவியை எடுத்து வந்து சிந்து அவன் காதில் மாட்டினாள். காதின் மேல் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து ஒரு மெல்லிய ஒயர் போய், தலையில் காந்தத்தால் ஒட்டிக்கொள்கிற வில்லையில் முடிந்தது. அந்த ஒயரோடு சேர்த்து, விழாக் குழு ஆள் ஒருவர் சிவப்பு ரிப்பனைக் கட்டினார். மறுமுனையை மைக் ஸ்டாண்டில் இழுத்து முடிந்தார்.

"அங்க கட்டாதீங்க சார், ஒயர் இருக்கு" என்றாள் சிந்து.

"எங்க கட்டறது பின்ன? மூக்குலயா? நீ தள்ளும்மா, போட்டோல வுழற."

தலைவர் பேசினார்.

"பெரியோர்களே! நான் இதுவரைக்கும் எத்தனையோ காது தெறந்திருக்கேன். அதுல ஒரு காதாவது என்னைக் கேள்வி கேட்டதுண்டா? கெடையாது! காது கேக்கறதுக்குத்தான், கேள்வி கேக்கறதுக்கு இல்ல. மக்கள் குரலைக் கேளுங்க, மக்கள் குரலைக் கேளுங்கங்கறாங்க. நான் சொல்றேன், எங்களுக்கு எதுக்குய்யா காது? இருக்கற காதையெல்லாம் மக்களுக்கே குடுத்துட்டோம்! பேசறது எங்க பொறுப்பு. கேட்டுக்கிட்டு இருக்கறது ஒங்க பொறுப்பு!"

பலத்த கரகோஷம். தலைவர் பொத்தானை அழுத்தினார்.

முதலில் தகரத்தின் மேல் மணலைக் கொட்டுவது போல ஒரு சத்தம். செல்லமுத்துவுக்கு உடம்பு தூக்கிப்போட்டது. அப்புறம் கீச்சு கீச்சென்று ஏதோ. அந்தக் கீச்சுக்குள், சிமென்ட் தரையில் பிளாஸ்டிக் நாற்காலியை இழுப்பது போல ஒரு சத்தம்.

அவன் இடது பக்கம் திரும்பினான்.

யோசித்துத் திரும்பவில்லை. கழுத்து தானாகத் திரும்பியது. அங்கே, பெண்கள் வரிசையில், கமலவேணி தன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டிருந்தாள். அவன் சரியாகத் தன்னைப் பார்ப்பதை அவள் பார்த்தாள். அப்படியே பாதி உட்கார்ந்தபடி நின்றுவிட்டாள்.

பொன்னம்மாள் தட்டிலிருந்த கத்தரிக்கோலை எடுத்து ரிப்பனை வெட்டினார்.

ஒயரும் சேர்ந்து துண்டானது.

நாற்காலி, கீச்சு, மணல், இடது பக்கம் எல்லாம் போயிற்று. மறுபடி எல்லாச் சத்தமும் வலது பக்கம் போய் நின்றுகொண்டது. வாசலில் ஆயிரம்வாலா வெடித்தது.

தலைவர் மைக்கை அவன் வாயருகே நீட்டினார். "சொல்லுப்பா, கேக்குதா?"

முன்வரிசையில் அழகேசன், ஆமாம் சொல் என்பது போலத் தலையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"கேக்கலீங்க" என்றான் செல்லமுத்து.

இயக்குநர் விறுவிறுவென்று மேடையிலிருந்து இறங்கிப் போய் மைக்செட்காரரைப் பிடித்தார்.

"யோவ், என்னய்யா செட்டு கட்டியிருக்க? மேடையில இருக்கற ஆளுக்கே கேக்கலங்கறான்! சவுண்டைக் கூட்டுய்யா!"

சவுண்டைக் கூட்டினார்கள். "இப்ப?" என்றார் தலைவர்.

"இப்பவும் கேக்கலீங்க."

"செட்டையே மாத்துய்யா!" என்று யாரோ கத்தினார்கள். மைக்செட்காரர், தன் ஆம்ப்ளிஃபயர் கோயில் திருவிழாக்களில் பாடிய பெருமையைச் சொல்லிச் சண்டைக்குப் போனார். நேரமாகிறதென்று நன்றியுரையை ஆரம்பித்துவிட்டார்கள். பயனாளி மகிழ்ச்சி மிகுதியால் பேச முடியாத நிலையில் இருப்பதாக நன்றியுரையில் சொன்னார்கள்.

பந்தல் காலியானதும் சிந்து, இயக்குநரிடம் வெட்டுப்பட்ட ஒயரைக் காட்டினாள்.

"சார், கருவியோட ஸ்பேர் ஒயரு ஒண்ணு வந்துச்சே. அதைக் குடுத்தீங்கன்னா இப்பவே மாட்டிடுவேன். ரெண்டே நிமிஷம்."

"ஸ்பேரெல்லாம் பராமரிப்புப் பிரிவும்மா. தெறந்ததுக்கு அப்பறம் காது அவங்க பொறுப்பு."

"சரிங்க சார், அந்தப் பிரிவு எங்க இருக்கு?"

இயக்குநர் பெருமையோடு பின்பக்கம் கை காட்டினார். புத்தம்புது வெள்ளையடித்த ஒரு கட்டடம் அங்கே பூட்டிக் கிடந்தது.

"எல்லா வேலையும் முடிஞ்சுது. தெறப்பு விழாதான் பாக்கி."

செல்லமுத்து சன்னல் கண்ணாடி வழியே எட்டிப் பார்த்தான். உள்ளே ஒரு மேஜை. மேஜை மேல் அட்டைப்பெட்டிகள். கமலவேணி வலது பக்கம் வந்து அவன் கையைப் பிடித்தாள்.

"நான் நாற்காலிய இழுத்தப்ப திரும்புனீங்க" என்றாள்.

"ம்."

"வாங்க. பஸ் போயிடும்."

மறுநாள் ஷெட்டில் லாரிக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, கலர்க் காகிதம். அழகேசன் கையில் பேப்பரோடு நின்றார். அதில் தலைவர் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்தார்.

"வாய்யா! ஏறு வண்டில! பழத்தை நசுக்கு!"

"மொதலாளி, காது கேக்கலீங்க. ஒயரு அறுந்துடுச்சு."

"என்னய்யா ஒளர்ற? அதான் தெறந்துட்டாங்களே! பேப்பர்லயே போட்டிருக்கான்!" அவர் பேப்பரை விரித்துக் காட்டினார். "இவ்ளோ பெரிய ஆளுங்க வந்து தெறந்திருக்காங்க, ஒனக்குக் கேக்கலன்னா என்ன அர்த்தம்?"

சாவியைக் கையில் திணித்தார். செல்லமுத்து ஏறி உட்கார்ந்தான். ஒரு வருஷம் கழித்து அந்த சீட். உடம்பு சரியாகப் போய்ப் பொருந்தியது. நாலு டயருக்கு அடியிலும் எலுமிச்சம்பழம். வண்டியைச் சுற்றி ஷெட் ஆட்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், பொரி கடலைத் தட்டுகள். எல்லோரும் ஏதோ கத்தினார்கள். முன்னால் நின்ற ஒரு பிள்ளை, வண்டிக்கு இடது பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே ஓடியது. செல்லமுத்துவுக்கு அந்தச் சிரிப்பு வலது பக்கம் கேட்டது.

சாவியைத் திருகாமலே எடுத்தான். இறங்கினான். கதவோரம் நின்ற ரஞ்சித்குமார் கையில் சாவியை வைத்தான்.

"அண்ணே, ஒங்க சீட்டுண்ணே..."

"ஓட்டு."

அழகேசன் ஏதோ சொன்னார். சத்தமாகவே சொன்னார். செல்லமுத்து வண்டியை முன்பக்கமாகச் சுற்றிக்கொண்டு போய், பாவாடை போனதிலிருந்து காலியாகவே கிடந்த கிளீனர் சீட்டில் ஏறிக் கதவைச் சாத்தினான். உட்கார்ந்ததும் ரஞ்சித்குமார் மூச்சு விடுவது முதற்கொண்டு கேட்டது. இப்போது அவனுடைய வலது காது டிரைவர் பக்கம் இருந்தது. இடது பக்கத்துக்குக் கண்ணாடி இருந்தது.

என்ஜின் உறுமியது. ரஞ்சித்குமார் கியரைப் போட்டுக்கொண்டே கேட்டான்.

"அண்ணே, நேத்து வெழா எப்டிண்ணே?"

"ஜோரா நடந்துச்சு."

செல்லமுத்து சன்னலில் தலையை நீட்டி, ஆட்களை ஒதுங்கச் சொல்லிக் கையைக் காட்டினான். பிள்ளைகள் எல்லாம் தள்ளி நிற்கிறார்களா என்று கண்ணாடியில் ஒருமுறை, நேரில் ஒருமுறை பார்த்தான். பிறகு உள்ளங்கையால் கதவை இரண்டு தட்டுத் தட்டினான்.

"போலாம், ரைட்."